இரண்டு முறை உருகிய ஆக்ஸிலேட்டர் கேபிள்: ஒரு பழைய பிக்கப் வண்டியின் மின் கோளாறு

வண்டியும் அதன் வேலையும்

2010 மாடல் டீசல் பிக்கப், 12 வோல்ட் அமைப்பு. டீசல் பம்ப் பழைய முறைப்படி மெக்கானிக்கலாக இயங்குவது. அதைக் கட்டுப்படுத்தக் கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. பேட்டரி கேபினுக்குப் பின்னால், லோடு பாடிக்குக் கீழே, சேஸியின் இடப்பக்கம் ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த இடம் இந்தக் கதையில் முக்கியம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

உரிமையாளர் அணைக்கட்டுப் பக்கம் விவசாயி. வண்டியை ஓட்டுபவர் அவருடைய தாய்மாமன், ஐம்பது வயதைத் தாண்டியவர். இலவம்பாடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் கத்திரிக்காய் மூட்டைகளை ஏற்றி, விடிவதற்கு முன் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இறக்க வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே முள் கத்திரிதான். இரவு இரண்டரை மூன்று மணிக்குக் கிளம்பும் வண்டிக்கு ஹெட்லைட் மங்கினாலும் செல்ஃப் (என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்காவிட்டாலும் அன்றைய மார்க்கெட் போயிற்று.

எங்கள் பட்டறை வேலூரில் ஆரணி சாலையில் இருக்கிறது. 2024 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில் வண்டி எங்களிடம் வந்தது. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) எடுக்க வேண்டும். இதற்கு இன்னும் 15 நாள்தான் பாக்கி.

எங்களிடம் வருவதற்கு முன்

ஒன்றே கால் வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார்கள். செல்ஃப் மோட்டாரைப் பிரித்து புஷ், கார்பன் பிரஷ் போட்டாயிற்று. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரில் ரெகுலேட்டரும் புதுசு. இவ்வளவுக்கும் செலவு 18,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. கடைசியாகப் பார்த்த இடத்தில் முழு ஒயரிங்கையும் மாற்றச் சொல்லி 9,000 ரூபாய் மதிப்புப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தத் துண்டுச்சீட்டோடுதான் உரிமையாளர் வந்தார்.

ஓட்டுநர் சொன்ன குறைகள் இவை. காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், சில நாள் "டொக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். இரவில் ஹெட்லைட் மங்கல். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் தானாக ஏறும். பின்னால் இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்கும். லோடு ஏற்றிய நாட்களில் டெயில் லைட் ஃபியூஸ் போகும், காலி வண்டியில் போகாது.

"இன்னா தம்பி, புது பேட்டரி போட்டும் இப்படி இழுக்குது" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

முதல் நாள்: அளந்ததும் அளக்காமல் விட்டதும்

தொடங்கும்போதே ஒரு தவறு நடந்தது. நான் மீட்டரை எடுத்து வருவதற்குள், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் பேட்டரி டெர்மினலில் பூத்திருந்த பச்சையும் வெள்ளையுமான பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். ஆனால் அந்த இணைப்பில் எவ்வளவு தடை இருந்தது என்பதை அதன்பிறகு அளக்க முடியவில்லை.

மீதியை அளந்தோம். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் 1.250-க்கு மேல், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. பேட்டரி மேல் பழி போட வழியில்லை.

அடுத்து ஸ்டாப் சோலனாய்டு ஒயரைக் கழற்றி, என்ஜின் பிடிக்காதபடி செய்துவிட்டு, செல்ஃபைச் சுற்ற வைத்து அளந்தோம். பேட்டரி முனைகளில் 10.9 வோல்ட். அதே நேரத்தில் செல்ஃப் மோட்டாரின் மெயின் போல்ட்டுக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவே 8.1 தான். பேட்டரி கொடுப்பதில் 2.8 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. எங்கே தொலைகிறது என்று மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மறு முனையை செல்ஃப் போல்ட்டிலும் வைத்துச் சுற்றிப் பார்த்தால் 0.4. பரவாயில்லை. நெகட்டிவ் முனையிலிருந்து என்ஜின் பிளாக்குக்கு வைத்துப் பார்த்தால் 2.4. திருடன் எர்த் பக்கத்தில், அதாவது கரண்ட் என்ஜின், சேஸி உலோகம் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையில் இருந்தான்.

அந்த 2.4-ஐயும் துண்டு துண்டாக அளந்தோம். நெகட்டிவ் முனைக்கும் கேபிள் லக்குக்கும் (கேபிள் நுனியில் உள்ள உலோக இணைப்பு) நடுவே 0.1 (கழுவிய பிறகு இது, முன்பு கூடுதலாகவே இருந்திருக்கும்). லக்குக்கும் சேஸிக்கும் நடுவே 0.7. சேஸிக்கும் என்ஜினுக்கும் நடுவே 1.6.

கடைசியாகப் பார்த்த இடத்திலும் எர்த் சோதித்தார்கள் என்று ஓட்டுநர் சொன்னார். மீட்டரை வைத்ததும் "பீப்" என்று கத்தியதாம், எர்த் நல்லா இருக்கு என்று விட்டுவிட்டார்களாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. செல்ஃப் சுற்றும்போது இந்த வகை வண்டியில் 250 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் ஓடும். 2.4 வோல்ட்டை அதால் வகுத்தால் தடை ஓம்மில் நூறில் ஒரு பங்கு. அந்த அளவுத் தடையை சாதாரண மல்டிமீட்டர் பூஜ்யம் என்றுதான் காட்டும், பீப்பும் கத்தும். 5 ஆம்பியர் எடுக்கும் பல்பு ஒன்றை அந்த எர்த்தில் எரித்தால் இழப்பு 0.05 வோல்ட், பல்பு பளிச்சென்றே எரியும். 250 ஆம்பியர் கேட்கும் செல்ஃபுக்கு மட்டும்தான் அந்த இணைப்பு கெட்டது. அதனால்தான் இந்த அளவை ஓடும் கரண்டில் எடுக்க வேண்டும், நின்ற வண்டியில் ஓம் வைத்துப் பார்த்துப் பயனில்லை.

முதல் முடிவு

செல்ஃபையும் ஆல்டர்நேட்டரையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை, "ஒரு ஒயருக்காகவா இவ்ளோ நாள்?" என்றார். அளவைக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்.

என்ஜினிலிருந்து சேஸிக்குப் போகும் பின்னல் எர்த் பட்டையைக் கழற்றியபோது சேஸி முனை கையோடு பொடியாக வந்தது. அதன் இழைகளில் பாதிக்கு மேல் பச்சை பிடித்து அறுந்திருந்தன. புதுப் பட்டை போட்டோம். பேட்டரி நெகட்டிவ் கேபிளை 35 சதுர மில்லிமீட்டர் காப்பருக்கு மாற்றி, சேஸியில் துருவைத் தேய்த்து உலோகம் மின்னும் வரை கொண்டுவந்து, பல் வாஷர் வைத்து முறுக்கினோம். கூடுதலாக ஒரு கேபிளை நெகட்டிவிலிருந்து நேராக கியர்பாக்ஸ் போல்ட்டுக்கு இழுத்தோம். சேஸி இணைப்பு மறுபடி துருப்பிடித்தாலும் செல்ஃபுக்கு வழி இருக்கும். கிரீஸை முறுக்கிய பிறகு மேலேதான் பூசினோம். லக்குக்கு அடியில் தடவிவிட்டு முறுக்குவது எங்கள் ஊரில் பரவலான பழக்கம். நாங்கள் அப்படிச் செய்வதில்லை.

மறுபடி அளந்தபோது பேட்டரி முனையில் 10.5, செல்ஃபில் 9.9. பையன் திகைத்தான். "அண்ணா, பேட்டரி வோல்ட் முன்னவிட இறங்கிடுச்சே, கெடுத்துட்டோமா?" என்றான். கேட்க வேண்டிய கேள்விதான். வழியில் தடை குறைந்ததால் செல்ஃப் இப்போது தனக்கு வேண்டிய கரண்டை முழுதாக எடுக்கிறது. கூட எடுத்தால் பேட்டரி முனையில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். முன்பு செல்ஃபுக்குப் போய்ச் சேர்ந்தது 8.1, இப்போது 9.9. பேட்டரி முனையை மட்டும் பார்த்திருந்தால், வண்டி மோசமாகிவிட்டது என்றே எழுதியிருப்போம்.

என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.4 இருந்தது 14.0 ஆயிற்று. எர்த் இழப்போடு, ஆல்டர்நேட்டர் மெயின் ஒயரின் லக்கும் லூசாக இருந்து அரை வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. அதையும் வெட்டிப் புதிதாகப் போட்டோம். இத்தனை நாள் பேட்டரி அரைவயிறாகவே ஓடியிருக்கிறது.

செல்ஃப் ஒரே இழுப்பில் பிடித்தது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான், மற்ற குறைகளும் தானே சரியாகிவிடும் என்று நினைத்து வண்டியை அனுப்பினோம். இது எங்கள் இரண்டாவது தவறு. ஹெட்லைட்டைப் பகல் வெயிலில் போட்டுப் பார்த்ததோடு சரி, பல்பில் எவ்வளவு வோல்ட் என்று அளக்கவே இல்லை.

நான்கு நாள் கழித்து

வண்டி திரும்பி வந்தது. செல்ஃப் நன்றாக இருக்கிறது. ஹெட்லைட் அதே மங்கல், முள் அதே ஏற்றம், பள்ளிகொண்டா தாண்டும்போது டெயில் லைட் ஃபியூஸ் மறுபடி போய், பின்னால் வந்த லாரி ஒட்டி வந்து பிரேக் அடித்ததாக ஓட்டுநர் சொன்னார். இந்த முறை அவர் குரலில் கோபம் இருந்தது.

ஹெட்லைட் பல்பில் அளந்தோம். என்ஜின் ஓட்டத்தில் பேட்டரியில் 14.0, பல்பில் 11.4. பாசிட்டிவ் பக்கம் 1.7 இழப்பு. ரிலே (சுவிட்சின் சிறு கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் பாகம்) இல்லாமல் 60/55 வாட் பல்பு இரண்டின் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய்வரும் பழைய அமைப்பு, பதினான்கு வருட சுவிட்ச், எதிர்பார்த்ததுதான். ஆனால் எர்த் பக்கம் 0.9. நான்கு நாள் முன்புதான் எர்த் போட்டோம், இது எங்கிருந்து வந்தது?

டீ குடிக்கும்போதுதான் ஓட்டுநர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். இந்த வண்டிக்கு ஆக்ஸிலேட்டர் கேபிள் தங்குவதில்லையாம். ஒரு வருடத்தில் இரண்டு மாற்றிவிட்டாராம். உள்ளே இறுகிப் போய், மிதித்தால் திரும்ப வராதாம். "டூப்ளிகேட் கேபிள் கொடுத்துட்டான்" என்று கடைக்காரரைத் திட்டினார். மின் கோளாறு பார்க்கிறவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பட்டறையில் இருந்த பெரியவர் ஒருவர், ஃபிட்டர் வேலை, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஹெட்லைட்டைப் போட்டுட்டு அந்தக் கேபிளைக் கழட்டிப் பாருங்க" என்றார்.

ஹெட்லைட் எரிய, பம்ப் பக்கத்தில் கேபிளின் வெளியுறையைத் தாங்கியிலிருந்து விடுவித்து, உள்கம்பியையும் லீவரிலிருந்து கழற்றினோம். அதே நொடியில் ஹெட்லைட் இன்னும் மங்கியது. மீட்டரில் கேபினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.9 இருந்தது 1.6-க்குத் தாவியது. கேபிளைத் தொட வைத்தால் வெளிச்சம் ஏறும், எடுத்தால் இறங்கும். கூட்டம் சேர்ந்துவிட்டது, நானே நான்கைந்து முறை செய்து பார்த்தேன்.

நடந்தது இதுதான். கேபின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாவற்றின் எர்த்தும் கேபின் தகரத்தில். தகரத்திலிருந்து சேஸிக்கு ஒரு பட்டை போக வேண்டும். கேபினுக்கு அடியில் படுத்துப் பார்த்தால் போல்ட் ஓட்டை மட்டும் இருந்தது, அதன் மேல் பெயின்ட். இரண்டு வருடம் முன்பு எஃப்.சி.க்காக டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்தபோது யாரோ கழற்றிவிட்டு மாட்டவில்லை. கேபின் கரண்ட் சேஸிக்குத் திரும்ப வழியில்லாமல் ஆக்ஸிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்டீயரிங் ராடு என்று கிடைத்த உலோகத்தில் எல்லாம் ஏறிப் போயிருக்கிறது. என்ஜின் பட்டையும் கெட்டிருந்த காலத்தில், செல்ஃப் கரண்டில் ஒரு பங்கும் எதிர்த்திசையில் இதே கேபிளில் ஓடியிருக்க வேண்டும். கழற்றிய கேபிளை வெட்டிப் பார்த்தோம்: உள்ளே பிளாஸ்டிக் உறை ஒரு சாணளவு உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. கடைக்காரர் பாவம்.

டெம்பரேச்சர் முள்ளுக்கும் இதுவே விடை. முள் உள்ள மீட்டர் கேபினில், சூட்டை உணர்ந்து அதற்குச் சொல்லும் சென்டர் (sender) என்ஜினில். இரண்டின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று நம்பித்தான் அந்த முள் வேலை செய்கிறது. கேபின் மட்டும் 0.9 வோல்ட் மேலே ஏறினால் முள் பொய் சொல்லும்.

ஃபியூஸ் போன இடம்

பின்பக்கக் குறைகள் வேறு. இண்டிகேட்டரோடு டெயில் லைட் துடிப்பது எர்த் இல்லாத விளக்கின் அடையாளம். விளக்குத் தட்டின் திருகு துருவில் செத்துவிட்டால், இண்டிகேட்டர் பல்பின் கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்பி வேறொரு பாதையில் எர்த் தேடும். அதைத் தேய்த்து, சேஸி வரை தனி எர்த் ஒயர் இழுத்ததோடு முடிந்தது.

ஃபியூஸ்தான் நேரத்தைத் தின்றது. 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ காப்பர் இழையை மடித்துச் செருகியிருந்தார்கள். நல்ல வேளை, அது ஒற்றை இழை, அதனால் அதுவும் எரிந்து போயிற்று. இரண்டு மூன்று இழை வைத்திருந்தால் ஒயர்தான் எரிந்திருக்கும்.

ஃபியூஸ் மேல் ஃபியூஸ் போட்டு எரிக்காமல், பின் பல்புகளைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை ஒயர் வைத்து மாட்டினோம். பாதையில் ஷார்ட் இருந்தால் இந்த பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், இல்லாவிட்டால் அணைந்திருக்கும். நின்ற வண்டியில் அணைந்தே இருந்தது. ஒயரிங்கை அங்கங்கே ஆட்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. லோடு ஏற்றினால்தான் போகிறது என்று ஓட்டுநர் முதல் நாளே சொல்லியிருந்ததால், பக்கத்துக் கடையிலிருந்து பன்னிரண்டு மூட்டை சிமென்ட் வாங்கி ஏற்றினோம். ஆறு பேர் ஏறிக் குதித்தார்கள். பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது.

பின் அச்சுக்கு மேலே, குறுக்குச் சட்டத்தின் ஓட்டை வழியாக ஒயரிங் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லை. லோடில் ஸ்பிரிங் பட்டை இறங்கினால் சட்டத்தின் விளிம்பு ஒயரைக் கடிக்கும். டேப்பை உரித்தால் கறுத்த காப்பர், அதன் மேல் பச்சை. வெட்டிய இடத்திலிருந்து இரண்டு அடி உள்ளே வரை அப்படித்தான்.

உப்பு

அவ்வளவு துரு ஏன்? வேலூரில் கடல் இல்லை, பாலாற்றிலும் பெரும்பாலான நாள் மணல்தான். உரிமையாளர் தனக்கு வண்டி விற்ற புரோக்கருக்குப் போன் போட்டார். முதல் ஆள் ஆறு வருடம் இந்த வண்டியில் உப்பிட்ட ஈரத்தோல் ஏற்றி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கம் தொழிற்சாலைகளுக்கு அடித்திருக்கிறார். தோல் அழுகாமல் இருக்க நிறைய உப்புப் போட்டுத்தான் அடுக்குவார்கள். அந்த உப்புத்தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே என்ன இருக்கிறது? பேட்டரித் தட்டு, நெகட்டிவ் லக், என்ஜின் பட்டையின் சேஸி முனை, பின்பக்க ஒயரிங். கெட்ட இணைப்புகள் எல்லாம் அந்தச் சொட்டு விழும் பாதையில் இருந்தன. கேபின் பட்டை மட்டும்தான் மனிதக் கை வேலை.

முழு ஒயரிங் மாற்றுவதா?

உரிமையாளர் அந்த 9,000 ரூபாய்ச் சீட்டை மறுபடி எடுத்தார். எஃப்.சி.க்கு எட்டு நாள்தான் இருந்தது. கேபினுக்குள் நான்கு இடத்தில் உறையை உரித்துப் பார்த்தோம். காப்பர் சிவப்பாக, உறை வளைந்து கொடுக்கும் பதத்தில் இருந்தது. உப்பு அங்கே போகவில்லை. அதனால் முன்பக்கத்தை விட்டுவிட்டு, கேபினுக்குப் பின்னால் உள்ள முழுப் பகுதியையும் மாற்றினோம். ஓட்டைக்கு ரப்பர் வளையம், அதற்கு மேல் குழாய் உறை. கேபினுக்கு இரண்டு எர்த் பட்டை, வலம் ஒன்று இடம் ஒன்று. ஹெட்லைட்டுக்கு டிம், பிரைட் இரண்டுக்கும் தனித்தனி ரிலே: ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேர் ஒயர், 87-லிருந்து பல்புக்கு, 85, 86-ல் பழைய சுவிட்ச் ஒயரும் எர்த்தும்.

ஓட்டுநர் 100/90 வாட் பல்பு கேட்டார். மறுத்துவிட்டோம். எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும், எஃப்.சி.யிலும் நிற்காது, ஹோல்டரும் உருகும். ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அவர் தொலைத்தது அதைவிட அதிகம். அதே 60/55 பல்பில் இப்போது 13.6 வோல்ட். அன்றிரவு ஓட்டிப் பார்த்துவிட்டு வாட் பேச்சை எடுக்கவில்லை.

எங்கள் கூலியும் சாமானும் சேர்த்து, இரண்டு முறைக்கும், 6,200 ரூபாய் ஆயிற்று. இரண்டாவது வரவில் கேபின் எர்த்துக்குக் கூலி வாங்கவில்லை. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது.

பின்னர்

எஃப்.சி. முதல் தடவையே கிடைத்தது. ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் வண்டியை வரவழைத்து அளந்தோம். செல்ஃப் சுற்றும்போது எர்த் பக்க இழப்பு 0.2 இருந்தது 0.25 ஆகியிருந்தது. கேபின் 0.1-லேயே நிற்கிறது. ஆக்ஸிலேட்டர் கேபிள் மே மாதம் போட்டதுதான். நம்பர் பிளேட் விளக்கு மட்டும் போயிருந்தது. அந்த ஒரு கிளிப்பை நாங்கள் மாற்றாமல் விட்டிருந்தோம், உள்ளே பச்சை.

தீராத ஒன்று உண்டு. மாற்றிய முதல் பேட்டரி உண்மையிலேயே கெட்டிருந்ததா, பட்டினியால் மட்டும் சோர்ந்திருந்ததா? பழைய பேட்டரி எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. அளந்து எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

இப்போது பட்டறையில் செய்வது

செல்ஃப் என்று வரும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழுவுவதற்கு முன் ஐந்து அளவு எடுத்து ஜாப் கார்டின் பின்பக்கம் எழுதுகிறோம்: ஓய்வில் பேட்டரி, சுற்றும்போது பேட்டரி, செல்ஃப், நெகட்டிவிலிருந்து என்ஜின், ஹெட்லைட் போட்டு நெகட்டிவிலிருந்து கேபின். கடைசி அளவு முதல் நாளே எடுத்திருந்தால் இந்த வண்டி திரும்பி வந்திருக்காது. எடுக்க அரை நிமிடம்கூட ஆகாது.

கேள்விகளும் இரண்டு கூடியிருக்கின்றன. வண்டி இதற்கு முன் என்ன லோடு அடித்தது? சமீபத்தில் மின்சாரம் சம்பந்தமில்லாத எது அடிக்கடி கெட்டது? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் உபயோகமான பதில் வருவதில்லை; ஒருவர் கதவுப் பிடியைச் சொன்னார், இன்னொருவர் மச்சினனைச் சொன்னார். இருந்தாலும் கேட்கிறோம்.

அந்த பிக்கப்பின் சேஸியை எப்படிக் கழுவினாலும், சட்டத்தின் உள்மடிப்பில் உப்பு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. வருகிற எஃப்.சி.க்கு முன்பாக எர்த் இணைப்பு எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தேய்த்துப் போடுவதாகப் பேசியிருக்கிறோம்.